கட்டங்களின் கதை – 23: பெயர் சூட்டிய வாசகிகள்

சென்ற இதழில், தோக்கியோவின் நெரிமா வட்டாரத்தில் முட்டைக்கோஸ் வயல்களை ஒட்டியிருந்த ஒரு பழைய வாடகை வீட்டில் கதையை நிறுத்தியிருந்தோம். கெய்கோ தக்கேமியாவும் மோட்டோ ஹாகியோவும் ஒன்றாகத் தங்கி வரைந்த வீடு அது. ஷோவா 24-ஆம் ஆண்டை, அதாவது 1949-ஐ, ஒட்டிப் பிறந்தவர்கள் என்பதால் பின்னாளில் ‘24-ஆம் ஆண்டு மலர்கள்’ என்று அழைக்கப்பட்ட பெண் ஓவியர்கள் பலர் வந்துபோன வீடு. சிறுமியருக்கான மங்காவை அவர்கள் எப்படிப் புரட்டிப் போட்டார்கள் என்று பார்த்தோம். இந்த இதழில் ஓவியர்களை விட்டு அவர்களுடைய வாசகிகளிடம் போகிறோம். அந்த வீட்டில் விழுந்த விதையை மரமாக்கியவர்கள் அவர்களே.

ஆணும் ஆணும் காதலிக்கும் கதை, பெண்ணும் பெண்ணும் காதலிக்கும் கதை என்று இரண்டு தொடர்களில் முடித்துவிடலாம் போலத் தோன்றும் ஒன்றுக்கு, ஜப்பானிய ரசிகர்கள் ஐம்பது ஆண்டுகளில் ஏழெட்டுப் பெயர்களைப் புழங்கியிருக்கிறார்கள். ஷோனென் ஐ, தன்பி, ஜூனே, யாவோய், பி.எல்., கே காமிக், யூரி. வெளியிலிருந்து வருபவர் இவற்றைக் கதையின் சூட்டை வைத்துப் பிரிக்கப் பார்ப்பார்: இதில் முத்தம் வரை, அதில் படுக்கை வரை என்று. அந்தக் கணக்கு எங்கும் ஒத்துவராது. கதைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு முன்பாக, யார் வரைந்தது, யாருக்காக வரைந்தது, எங்கே வைத்துப் படிப்பது என்பதைத்தான் இந்தப் பெயர்கள் சொல்கின்றன. ஒவ்வொரு பெயரும் ஒரு குறிப்பிட்ட கூட்டம் தனக்காக எழுப்பிக்கொண்ட வேலி. அந்த வேலிகள் எழுந்த வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதற்பெயர் ஷோனென் ஐ, சிறுவர் காதல். எழுத்தாளர் தருஹோ இனாகாகி 1968-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை நூலின் தலைப்பு இந்தச் சொல்லைப் பரப்பியது. நெரிமா வீட்டில் தக்கேமியாவும் அவருடைய தோழி நோரியே மசுயாமாவும் இரவிரவாகப் பேசியவை ஹெர்மன் ஹெஸ்ஸேயின் நாவல்கள், பள்ளி விடுதிச் சிறுவர்களைப் பற்றிய ஐரோப்பியப் படங்கள், அழகுக்காகவே வாழ்ந்து அழியும் இளைஞர்கள். இவர்களுக்கு முன்பே, 1961-இல், நாவலாசிரியர் ஓகாய் மோரியின் மகள் மாரி மோரி இரு ஆண்களின் காதலை ஆடம்பரமான உரைநடையில் எழுதி வழி திறந்திருந்தார். 1970 டிசம்பரில் ‘பெஸ்ஸாட்சு ஷோஜோ காமிக்’ இதழில் வந்த தக்கேமியாவின் சிறுகதையை இந்த வகையின் முதல் மங்காவாகக் கொள்கிறார்கள். 1974-இல் ஹாகியோவின் ‘தாமஸின் இதயம்’ தொடங்கியது. 1976-இல் தக்கேமியாவின் ‘காற்றின், மரங்களின் பாடல்’.

இந்தக் கடைசித் தொடருக்காக அவர் பட்ட பாட்டைச் சொல்லாமல் நகர முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்சின் ஒரு விடுதிப் பள்ளியில் நிகழும் அந்தக் கதையை அவர் மனத்தில் முடித்து வைத்திருந்தது 1970-களின் தொடக்கத்திலேயே. பதிப்பாசிரியர்கள் மறுத்துக்கொண்டே இருந்தார்கள். எகிப்தைக் களமாகக் கொண்ட வேறொரு தொடரை வரைந்து, வாசகர் வாக்குகளில் தன் பெயரை உயர்த்திக்கொண்ட பிறகுதான் அவரால் அதைத் தொடங்க முடிந்தது. சிறுமியர் இதழ் ஒன்றின் பக்கங்களில் வன்கொடுமையையும் இனவெறுப்பையும் உடலையும் ஒருசேர வைத்த அத்தொடர் 1984 வரை ஓடியது.

சிறுமியருக்கான கதையில் ஏன் சிறுவர்கள்? அந்தக் காலத்துச் சிறுமியர் மங்காவின் நாயகிக்கு முன்னே ஒரே பாதைதான் இருந்தது: ஒருவனால் தேர்ந்தெடுக்கப்படுவது. அவள் ஆசைப்பட்டால் கெட்டவள், ஆசைப்படாவிட்டால் பொம்மை. கர்ப்பம், கற்பு, கல்யாணம் என்ற மூன்று சுவர்களுக்குள் அவள் உடல் அடைபட்டிருந்தது. சிறுவனின் உடலை எடுத்துக்கொண்டபோது படிக்கும் பெண்ணுக்கு அந்தச் சுவர்கள் இல்லாமல் போயின. அவளால் விரும்பவும் முடிந்தது, விரும்பப்படவும் முடிந்தது, தன்னை யாரும் பார்க்காத இடத்திலிருந்து பார்க்கவும் முடிந்தது. பின்னாளில் யூகாரி ஃபுஜிமோட்டோ போன்ற விமர்சகர்கள் இதை விரிவாக எழுதினார்கள். எழுபதுகளின் பள்ளி மாணவிகளுக்கு விமர்சகர் தேவைப்படவில்லை. பக்கத்தைத் திருப்பியதுமே புரிந்தது.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. இந்த மரபின் தாய் என்று வாசகிகள் கொண்டாடும் ஹாகியோ, அந்தப் பெயரை ஏற்கவே இல்லை. நெரிமா வீட்டைப் பற்றி 2021-இல் வெளியிட்ட நினைவு நூலில், சிறுவர் காதல் என்ற ஈடுபாடு தன் தோழிகளுக்கு உரியது, தனக்கு அது பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறார். அவருக்கு ‘தாமஸின் இதயம்’ குற்றவுணர்வையும் மன்னிப்பையும் பற்றிய கதை. ஆசிரியர் சொல்வதுதான் சரி என்று நாம் முடித்துவிடலாம். ஆனால் அந்தக் கதையைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்த அத்தனை பெண்களும் அதை ஒரு காதல் கதையாகவே படித்தார்கள். வகைமை என்பது ஆசிரியரின் கையில் இல்லை, வாசகியின் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

1978 அக்டோபரில் இவ்வகைக்கென்றே ஓர் இதழ் பிறந்தது. தொடக்கத்தில் ‘காமிக் ஜூன்’, சில இதழ்களிலேயே ‘ஜூனே’ என்று பெயர் மாறியது. நடுவில் நின்று, மீண்டும் 1981-இல் எழுந்தது. அதில் தக்கேமியா வாசகிகளின் ஓவியங்களைத் திருத்தினார். நாவலாசிரியர் அசுசா நகாஜிமா வாசகிகளின் கதைகளைத் திருத்தினார். அழகில் தோய்ந்தது என்ற பொருளுடைய ‘தன்பி’ என்ற இலக்கியச் சொல்லும் இந்த வட்டத்தில்தான் ஒட்டிக்கொண்டது. ஒரு கதையை ‘ஜூனே மாதிரி’ என்று சொன்னால் வாசகிகளுக்கு விளங்கும்: முழுக்கச் சொந்தக் கற்பனை, கனத்த தொனி, பெரும்பாலும் துயரத்தில் முடிவு.

இதற்கு நேர் எதிரே வேறொரு கூட்டம் சிரித்துக்கொண்டு நின்றது.

1975 டிசம்பர் 21 அன்று, தோக்கியோவின் தோரனோமோன் பகுதியில் ஒரு கூட்ட அரங்கில், சொந்தக் காசில் அச்சிட்ட சிற்றிதழ்களை விற்க 32 குழுக்கள் மேசை போட்டன. ஏறக்குறைய 700 பேர் வந்தார்கள். யோஷிஹிரோ யோனேசாவாவும் நண்பர்களும் கூட்டிய அந்தச் சந்தைதான் காமிக் மார்க்கெட், ரசிகர் வாயில் ‘கொமிகெட்’. பின்னாளில் லட்சக்கணக்கானோரைத் திரட்டும் விழாவாக அது வளர்ந்தது நமக்குத் தெரியும். முதல் நாளில் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளி மாணவிகள் என்பது அவ்வளவாகத் தெரியாது. ஹாகியோவையும் தக்கேமியாவையும் மனப்பாடமாகப் படித்தவர்கள் அவர்கள்.

இந்தச் சிற்றிதழ் உலகத்தில், கனசாவா நகரத்தில் யசுகோ சகாதாவும் அகிகோ ஹத்சுவும் இயங்கிய ‘ரவுரி’ என்ற குழு 1979 டிசம்பரில் ஒரு ‘யாவோய் சிறப்பிதழ்’ கொண்டுவந்தது. உச்சமில்லை, முடிச்சவிழ்ப்பில்லை, அர்த்தமில்லை என்ற மூன்று தொடர்களின் முதலசைகளைக் கோத்த சொல் அது. கதைக்குரிய கட்டுக்கோப்பு எதுவும் இல்லாமல் தங்களுக்குப் பிடித்த காட்சியை மட்டும் வரைந்து வைத்ததைத் தாங்களே கேலிசெய்துகொண்ட பெயர். எண்பதுகளின் நடுவில் ‘கேப்டன் சுபாசா’ என்ற கால்பந்துத் தொடர் சிறுவர்களோடு சிறுமிகளையும் கவர்ந்தபோது இந்தச் சொல்லுக்குப் புது வேலை வந்தது. சிறுவர் இதழில் தோழர்களாகவும் எதிராளிகளாகவும் மோதிக்கொள்ளும் இரு பையன்களை எடுத்து, அவர்களிடையே மூலத்தில் சொல்லப்படாத காதலை வரைந்து விற்றார்கள். அடுத்து ‘செயின்ட் செய்யா’. யாவோய் என்றால் இனி இதுதான்: பிறர் படைத்த பாத்திரங்களை வைத்துப் பெண்கள் பெண்களுக்காக வரையும் காதல். ஜூனே வாசகி தன் கதையை ஓர் இலக்கியமாக நினைத்தாள். யாவோய் வரைபவள் அதை ஒரு விளையாட்டாக நினைத்தாள். அந்த விளையாட்டுக்குள்ளிருந்துதான் மினாமி ஓசாகி, கிளாம்ப் குழுவினர் போன்ற பெரும் ஓவியர்கள் எழுந்து வந்தார்கள்.

விளையாட்டுக்கு விதிகள் வந்தன, அவற்றைப் போலக் கறாரான விதிகள் எந்த இலக்கிய இயக்கத்திலும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒரு ஜோடியை எழுதும்போது இரண்டு பெயர்களுக்கு நடுவில் பெருக்கல் குறி இடுவார்கள். முதலில் வருபவர் ‘செமே’, முன்கை எடுப்பவர். அடுத்து வருபவர் ‘உகே’, ஏற்பவர். கணக்கில் எண்கள் இடம் மாறினாலும் விடை மாறாது. இங்கே பெயர்கள் இடம் மாறினால் அது முற்றிலும் வேறொரு காதல். ஒரே இரண்டு பாத்திரங்களை நேசிக்கும் இரண்டு பெண்கள், வரிசை மாறிப்போனதால் ஒருவர் மேசைக்கு மற்றவர் போகாமல் இருப்பார்கள். தனக்கு ஆகாத ஜோடிக்குக் ‘கண்ணிவெடி’ என்றே பின்னாளில் பெயர் வந்தது. தெரியாமல் மிதித்தால் வெடிக்கும்.

கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம். ஆனால் இதிலிருந்துதான் ரசிகர் பண்பாட்டின் மிக மதிப்புக்குரிய ஒழுக்கம் ஒன்று பிறந்தது. அதை ‘சுமிவாகே’ என்பார்கள், இடம் பிரித்து வாழ்வது. சிற்றிதழின் அட்டையிலேயே எந்தத் தொடர், எந்த ஜோடி, எந்த வரிசை, வயது வரம்பு உண்டா என்று எழுதிவிட வேண்டும். கொமிகெட் அரங்கில் ஒரே தொடரை வரைபவர்கள் அருகருகே அமர்த்தப்படுவார்கள். மூலத் தொடரின் ஆசிரியரோ, அதை விளையாட்டாகப் பார்க்கும் குழந்தைகளோ தற்செயலாகப் பார்த்துவிடாதபடி பெயர்களை மறைத்து எழுத வேண்டும். வகை பிரிப்பது என்பது இங்கே அறிஞர் செய்யும் ஆய்வுக்காக நடக்கவில்லை. விரும்புகிறவள் தேடிக் கண்டுபிடிக்கவும், விரும்பாதவள் விலகிப் போகவும் வைத்த வழிகாட்டிப் பலகை அது. அடுத்தவருக்குக் காட்டும் மரியாதை.

இந்த மரியாதை வட்டத்துக்குள் ஒருவரை மட்டும் யாரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. 1992 மே மாதம் அவர் வந்து கதவைத் தட்டினார்.

மசாகி சாடோ தன்பாலீர்ப்புடைய ஆண், உரிமைச் செயற்பாட்டாளர், பெண்வேடத்தில் மேடையேறும் கலைஞர். ‘ஷுவசீர்’ என்ற பெண்ணியச் சிற்றிதழில் அவர் எழுதிய கடிதம் யாவோய் வாசகிகளை உலுக்கிவிட்டது. அவர் சொன்னதன் சாரம் இது: நீங்கள் வரைவது எங்களை. எங்களைக் கேட்காமல் வரைகிறீர்கள். உங்கள் கதைகளில் எல்லா ஆண்களும் அழகர்கள். எங்களில் அழகில்லாதவனுக்கு அங்கே இடமில்லை. இரண்டு பெண்கள் கூடுவதை ஒளிந்து பார்த்து ரசிக்கும் ஆணுக்கும் உங்களுக்கும் என்ன வேறுபாடு? கோபத்தை அவர் அடக்கவில்லை. அடக்கவேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. எய்ட்ஸ் பீதி நிலவிய, தன்பாலீர்ப்பாளர்களை ஊடகங்கள் ஒரு புதுமைப் பொருளாகக் காட்டிய காலம் அது.

வாசகிகளிடமிருந்து பதில்கள் வந்தன, பல ஆண்டுகள் வந்தன. ஹிசாகோ தகாமத்சு போன்ற சிலர் குற்றச்சாட்டை நேர்மையாக ஏந்திக்கொண்டு, தங்களுக்கு இந்தக் கதைகள் ஏன் தேவைப்பட்டன என்று தங்களையே விசாரித்தார்கள். வேறு பலர் ஒரு வரையறையைக் கேடயமாக எடுத்தார்கள்: யாவோய் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றியதே அல்ல, அதிலுள்ள ஆண்கள் ஆண்களே அல்ல, அது பெண்ணின் கனவு, வாழ்க்கையோடு அதற்குத் தொடர்பில்லை. யாவோய் வேறு, தன்பாலீர்ப்புடைய ஆண்களுக்கென்றே வரையப்படும் கே காமிக் வேறு என்று இன்றும் ரசிகர்கள் அழுத்திச் சொல்லும் பிரிவினை இந்த விவாதத்தின் வெப்பத்தில்தான் கெட்டிப்பட்டது.

இரு தரப்பையும் திரும்பத் திரும்பப் படித்த பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சாடோவின் கேள்வி நியாயமானது. எங்கள் கதைக்கும் உங்களுக்கும் தொடர்பில்லை என்ற பதில் அவரை இரண்டாம் முறை வெளியே நிறுத்தியது. ஆனால் பெண்கள் சொன்னதிலும் உண்மை இருந்தது. தங்கள் ஆசையை யாரும் பார்க்காத ஓரிடத்தில் வைத்து யோசிக்க அவர்களுக்கு வேறு இடமே கிடைத்ததில்லை. அங்கேயும் ஓர் ஆணின் குரல் வந்து விளக்கம் கேட்டது என்ற அவர்களுடைய திகைப்பு பொய்யில்லை. வாசகிகள் எல்லோரும் ஆண்களை விரும்பும் பெண்கள் என்று இரு தரப்பும் எண்ணிக்கொண்டதுதான் இந்த விவாதத்தின் பெரிய குறை. ஆய்வாளர் அகிகோ மிசோகுச்சி பெண்களை நேசிக்கும் பெண். சிறுமியாக இருந்தபோது படித்த அழகிய சிறுவர்களின் கதைகளே தன்னைத் தான் ஏற்றுக்கொள்ளத் துணை நின்றன என்று அவர் பின்னர் எழுதினார். கேடயமாக எடுத்த வரையறைக்குள் அவரும் அடங்கவில்லை.

விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே வணிகம் ஒரு புதுப் பெயரோடு வந்தது. 1993-இல் ‘பீ பாய்’ இதழ். அதைத் தொடர்ந்து பல பதிப்பகங்கள். ஜூனே ஒரு போட்டி இதழின் பெயர், யாவோய் சிற்றிதழ்க்காரர்களின் கேலிச்சொல், இரண்டையும் அட்டையில் போட முடியாது. பாய்ஸ் லவ் என்ற ஆங்கிலத் தொடர் வசதியாக இருந்தது, சுருக்கமாக பி.எல். பெண் வாசகர்களுக்கென்று வணிக இதழ்களில் வரும், ஆண்களிடையிலான காதல் கதை என்று இதற்கு ஒரு நிலையான பொருள் அமைந்தது. துயர முடிவு குறைந்தது, பள்ளி விடுதியின் இடத்துக்கு அலுவலகம் வந்தது. தொண்ணூறுகளின் கதைகளில் ஒரு வாய்பாடு அடிக்கடி தலைகாட்டியது: நாயகன் தன்னைத் தன்பாலீர்ப்பாளன் இல்லை என்பான், இந்த ஒருவனை மட்டும் காதலிப்பதாகச் சொல்வான். மிசோகுச்சி இந்த வாய்பாட்டைத்தான் கூர்மையாக அறுத்துக் காட்டினார். காதலைத் தூக்கிப் பிடிப்பதற்காக ஒரு சமூகத்தையே கீழே தள்ளும் வசனம் அது என்றார். 2015-இல் வந்த அவருடைய நூல், அதற்குப் பிந்தைய பி.எல். கதைகள் எப்படி இந்த இடத்தைத் தாண்டின என்பதை விவரிக்கிறது. பெற்றோரிடம் சொல்வது, அலுவலகத்தில் மறைப்பது, முதுமையில் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விகள் கதைக்குள் வந்தன. சாடோவின் கடிதத்துக்கு உண்மையான பதில் கட்டுரைகளில் வரவில்லை. இருபது ஆண்டுகள் கழித்துக் கதைகளில் வந்தது.

இனி எல்லைக்கோடுகளில் நிற்கும் சில படைப்புகள். ஃபுமி யோஷினாகா பி.எல். உலகின் மாபெரும் பெயர்களில் ஒருவர். 2007 முதல் அவர் வரைந்துவரும் ‘நேற்று என்ன சாப்பிட்டாய்?’ தோக்கியோவில் சேர்ந்து வாழும் ஒரு வழக்கறிஞரையும் ஒரு சிகை அலங்காரக் கலைஞரையும் பற்றியது. நாற்பது கடந்த இரு ஆண்கள், மாதாந்தரச் செலவுக் கணக்கு, இரவுச் சமையல். ஆனால் அது வருவது ‘மார்னிங்’ என்ற, வளர்ந்த ஆண்களுக்கான வார இதழில். எனவே கறாரான ரசிகைகள் பலர் அதை பி.எல். என்று சொல்வதில்லை. இன்னொரு எல்லையில், காதலைச் சொல்லாமல் வாசனை மட்டும் காட்டிச் செல்லும் தொடர்களுக்கு அவர்கள் ‘வாசனை வகை’ என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள்.

கே காமிக்கின் வேர் முற்றிலும் வேறு. 1971-இல் புங்காகு இட்டோ தொடங்கிய ‘பாராசோகு’, ரோஜா இனம், தன்பாலீர்ப்புடைய ஆண்களுக்கென வணிக முறையில் வெளியான இதழ்களின் முன்னோடி. அந்த மரபில் வந்தவர் கெங்கோரோ டகாமே. அவர் வரைந்த ஆண்கள் பருத்த உடலும் தாடியும் ரோமமும் கொண்டவர்கள், பி.எல். நாயகர்களின் மெல்லிய தாடைக்கு அங்கே இடமில்லை. 2014-இல் அவர் ஒரு பொது மாத இதழில் ‘தம்பியின் கணவர்’ தொடரைத் தொடங்கினார். இறந்துபோன தம்பியின் கனடியக் கணவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். அண்ணன் அவரை என்ன சொல்லி அழைப்பது, தன் சின்ன மகளுக்கு எப்படி அறிமுகம் செய்வது என்று தவிக்கிறான். அதில் காதல் காட்சியே இல்லை. தன்பாலீர்ப்புடைய ஆண் வரைந்தது, எல்லோருக்குமாக வரைந்தது. பி.எல். அடுக்கிலும் சேராது, பழைய கே காமிக் அடுக்கிலும் சேராது. 2018-இல் அமெரிக்காவின் ஐஸ்னர் விருது அதற்குக் கிடைத்தது.

யூரியின் கதை இதற்கெல்லாம் மாறானது. அல்லிமலரைக் குறிக்கும் இந்தப் பெயர் பெண்களின் கையிலிருந்து பிறக்கவில்லை. 1976-இல் மேற்சொன்ன ‘பாராசோகு’ ஆண்கள் இதழில், பெண்களை நேசிக்கும் வாசகிகளின் கடிதங்களுக்கென இட்டோ ஒரு பகுதி ஒதுக்கி அதற்கு ‘யூரி இனத்தின் அறை’ என்று தலைப்பிட்டார். ரோஜாவுக்கு இணையாக அல்லி. எண்பதுகளில் அந்தச் சொல்லை ஆண்களுக்கான பாலுணர்வுப் படங்கள் பறித்துக்கொண்டன. வாசகிகள் அதை மீட்டெடுக்க நெடுங்காலம் ஆயிற்று.

பொருள் மட்டும் பெயரைவிட மிகப் பழையது. நொபுகோ யோஷியா 1916 முதல் எழுதிய ‘மலர்க் கதைகள்’ பெண்கள் பள்ளி விடுதிகளில் மலரும் நெருக்கங்களைப் பற்றியவை. அன்றைய மாணவிகள் அந்த உறவை ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்தால் குறித்தார்கள்; சிஸ்டர் என்பதன் முதலெழுத்து. சமூகம் அதைப் பொறுத்துக்கொண்டது, ஏனென்றால் கல்யாணத்தோடு முடிந்துவிடும் என்று நம்பியது. யோஷியாவின் வாழ்க்கை அப்படி முடியவில்லை. சியோ மொம்மா என்ற பெண்ணோடு அவர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தார். சட்டம் வேறு வழி தராததால் 1957-இல் அவரைத் தத்து எடுத்துக்கொண்டார்.

மங்காவில் யூரியின் தொடக்கம் என்று ரசிகர்கள் சுட்டுவது ரியோகோ யாமாகிஷி 1971-இல் வரைந்த ‘வெள்ளை அறையில் இருவர்’. மீண்டும் பிரெஞ்சு விடுதிப் பள்ளி, மீண்டும் மரணம். சிறுவர்களின் காதலுக்கு வாசகிகள் திரண்டதுபோல இதற்குத் திரளவில்லை. இங்கே பாத்திரத்துக்கும் வாசகிக்கும் நடுவில் தூரம் இல்லை. தாங்கள் விட்டு ஒளிந்துகொண்ட பெண்ணுடலையே கதை திரும்பத் தூக்கி முன்னால் வைத்தது. தொண்ணூறுகளில் ‘சைலர் மூன்’ தொடரின் யுரேனஸ், நெப்டியூன் ஜோடியும், 1997-இல் ‘புரட்சிப் பெண் உதேனா’வும் அந்தத் தயக்கத்தைக் கரைத்தன. 1998-இல் ஒயூகி கொன்னோவின் ‘மரியாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்’ நாவல் வரிசை தொடங்கியது. கத்தோலிக்கப் பெண்கள் பள்ளி, மூத்த மாணவி தன் இளைய ‘தங்கை’க்கு அணிவிக்கும் ஜெபமாலை. யோஷியாவின் உலகம் எண்பது ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்ததாகவே பட்டது. அந்த அலையின் மேல்தான் 2003-இல் ‘யூரி ஷிமாய்’, அது நின்றதும் 2005-இல் ‘யூரி ஹிமே’ என்று தனி இதழ்கள் எழுந்தன.

இங்கே யாருக்காக என்ற கேள்வி சிக்கலாகிறது. பி.எல். வாசகர் என்றால் பெண் என்று சொல்லிவிடலாம்; யூரிக்கு அப்படிச் சொல்ல முடியாது. ‘யூரி ஹிமே’யின் பதிப்பகம் 2007-இல் ஆண் வாசகர்களை நோக்கித் துணை இதழ் ஒன்றைத் தொடங்கியது. தாய் இதழின் வாசகர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் பெண்கள், துணை இதழில் பாதிக்கு மேல் ஆண்கள் என்று தெரியவந்தது. மூன்றே ஆண்டுகளில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். யூரி வாசகர்களை ஆண், பெண் என்று அறை பிரித்து உட்காரவைக்க முடியவில்லை.

வாசகர் யார் என்று சொல்ல முடியாதபோது, வகை எது என்ற வாக்குவாதம் கதையின் உள்ளே போகிறது. காதல் வெளிப்படையாக இருந்தால்தான் யூரியா? ஆழமான நட்பு போதுமா? வெறுப்பு, பொறாமை, போட்டி எல்லாம் சேருமா? பெயர் வைக்க முடியாத அளவுக்குப் பெருத்த உணர்வு இரு பெண்களிடையே இருந்தால் போதும் என்பது ஒரு பெரிய கட்சி. அறிபுனை எழுத்தாளர் இயோரி மியாசாவா 2018-இல் அளித்த ஒரு நேர்காணலில் இதன் எல்லைக்கே போனார். பெண்களே இல்லாத ஒரு வெற்று நிலக்காட்சிகூட, அங்கே இருவர் இருந்திருக்கக்கூடும் என்ற உணர்வை எழுப்பினால் யூரிதான் என்ற கருத்தை முன்வைத்தார். அதைத் தொடர்ந்து ஜப்பானின் முதன்மையான அறிபுனை இதழ் யூரிக்கென்று சிறப்பிதழ் வெளியிட, அது மறுஅச்சு கண்டது.

அந்தக் கருத்தின் அழகை நான் ரசிக்கிறேன். ஆனால் அதனருகே வேறொரு குரலையும் வைக்கவேண்டும். ஜப்பானில் லெஸ்பியன் என்ற சொல் நெடுங்காலம் ஆண்களின் பாலுணர்வுப் படங்களோடு ஒட்டிக்கிடந்ததால், தூய உணர்வு யூரி, உடல் சார்ந்தது அந்த மற்றது என்று சில ரசிகர்கள் கோடு கிழித்தார்கள். அந்தக் கோட்டின் தவறான பக்கத்தில் நின்றவர்கள் உண்மையிலேயே பெண்களை நேசித்து வாழும் பெண்கள். 2016-இல் காபி நகாட்டா தன் தனிமையையும் மனநோயையும் ஒரு பெண்ணின் அணைப்புக்காகப் பட்ட ஏக்கத்தையும் தன்வரலாறாக வரைந்து வெளியிட்டபோது, இது யூரியா என்ற கேள்வி எழுந்தது. சேர்க்கவேண்டும் என்பதே என் எண்ணம். இல்லாதவர்களின் நிலக்காட்சிக்கு இடம் தரும் வகைமை, இருக்கும் ஒருத்திக்கு இடம் தராமல் போகக்கூடாது.

கடல் கடந்தபோது பெயர்கள் உருமாறின. ஆங்கிலம் பேசும் ரசிகர்கள் ஷோனென் ஐ என்றால் மென்மையானது, யாவோய் என்றால் உடலுறவு காட்டுவது என்று சூட்டை வைத்துப் பிரித்தார்கள். அதே அச்சில் பெண்களுக்கு ‘ஷோஜோ ஐ’ என்று ஒரு சொல்லைத் தாங்களே வார்த்தார்கள். ஜப்பானில் இந்த வழக்கு இல்லை. சிறுமியர் மீது பெரியவர் கொள்ளும் இச்சை என்ற அருவருப்பான பொருளைத்தான் அங்கே அந்தச் சொல் தரும். ஷோனென் ஐ என்பதையும் இதே காரணத்தால் எழுபதுகளின் படைப்புகளைக் குறிக்க மட்டுமே இப்போது ஆள்கிறார்கள்.

வேலிகள் என்று தொடக்கத்தில் சொன்னேன். வெளியார் ஒருவர் அந்த வேலியை அதிகாரத்தோடு தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2008-இல் ஒசாகா மாகாணத்தின் சகாய் நகர நூலகத்தில் பி.எல். நாவல்கள் இருப்பதாகப் புகார் வந்தது. நூலகம் 5,000-க்கும் மேற்பட்ட நூல்களைத் திறந்த அடுக்கிலிருந்து எடுத்து உள்ளறைக்கு மாற்றியது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இரவல் கிடையாது என்றது. சமூகவியலாளர் சிசுகோ உவெனோ உட்படப் பலர் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். எதை வைத்து இந்த நூல் பி.எல்., அந்த நூல் இல்லை என்று தீர்மானித்தீர்கள் என்பது அவர்கள் எழுப்பிய முக்கியமான கேள்விகளுள் ஒன்று. ஆணும் பெண்ணும் கூடும் நாவல்கள், அவற்றைவிட வெளிப்படையானவைகூட, அடுக்கிலேயே இருக்க, பெண்கள் படிக்கும் இவை மட்டும் ஏன் உள்ளே போகவேண்டும்? நூலகத்தால் தெளிவான அளவுகோல் எதையும் காட்ட முடியவில்லை. ஆண்டு முடிவதற்குள் இரவல் தடையை விலக்கிக்கொண்டது. ரசிகைகளிடம் கேட்டிருந்தால் ஒவ்வொரு நூலுக்கும் எங்கே இடம் என்று நொடியில் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்கள் பிரிப்பது படிக்க வருபவள் தன் புத்தகத்தைக் கண்டடைவதற்காக. நூலகம் பிரித்தது அவள் கண்ணில் படாமல் இருப்பதற்காக.

அடுத்த இதழில்: ‘தன்பி’ என்ற சொல் சீனத்துக்குப் போய் ‘தான்மெய்’ ஆன கதையும், தாய்லாந்தின் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இந்த மங்காக்கள் அமைத்துக் கொடுத்த பாதையும்.